மலை இருந்தால் போர் வருமா? – வாசகர் கேள்வி பதில்

உள்நாட்டுப் போருக்கும் நில அமைப்புக்கும் இனப் பன்மைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு வந்த கடிதங்களுக்கே இந்த முறை முழு இடமும். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்ததால் சில கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: பல இனம், பல மொழி உள்ள நாடு என்றைக்காவது ஒருநாள் அடித்துக்கொண்டுதான் தீரும் என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சாதிக்கிறார். உண்மையா? (விருதுநகர் வாசகர்)

பெரியவரிடம் இரண்டு நாடுகளின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்: தான்சானியா, சோமாலியா.

தான்சானியாவில் 120-க்கு மேற்பட்ட இனக்குழுக்கள். அவற்றில் பெரியது சுகுமா. அவர்களே மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். 1961-ல் விடுதலை பெற்றதிலிருந்து அந்தப் பெருநிலத்தில் உள்நாட்டுப் போர் நடக்கவில்லை. (சான்சிபார் தீவில் 1964-ல் நடந்த ரத்தக்களரி வேறு கணக்கு.) சோமாலியாவில் ஆகப் பெரும்பான்மையோர் பேசுவது ஒரே மொழி, கும்பிடுவது ஒரே மதம், மதத்துக்குள்ளும் ஒரே பிரிவு. ஆப்பிரிக்காவிலேயே இப்படி ஒருபடித்தான நாடுகள் குறைவு. 1991 ஜனவரியில் அதிபர் சியாத் பாரே தலைநகரைவிட்டு ஓடியபோது ஆட்சி மட்டும் கவிழவில்லை. அரசு என்ற அமைப்பே கலைந்துபோனது.

தான்சானியாவில் எந்தக் குழுவும் தனித்து நின்று நாட்டைப் பிடிக்க முடியாது. கூட்டு சேராமல் வழியே இல்லை. முதல் அதிபர் நைரேரே சனாக்கி என்ற மிகச் சிறிய குழுவில் பிறந்தவர். அவர் வந்ததால் ‘எங்கள் ஆள் வந்துவிட்டான்’ என்று எந்தப் பெரிய குழுவும் கொண்டாட முடியவில்லை, ‘அவர்கள் ஆள் வந்துவிட்டான்’ என்று எவரும் பயப்படவும் இல்லை. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் வைத்த சுவாஹிலி, கடற்கரை வணிகத்தில் பரவிய மொழி. உள்நாட்டுப் பெருங்குழு எதற்கும் அது தாய்மொழி அல்ல. சோமாலியாவிலோ பிளவு ஒரு படி கீழே இறங்கியது. ஹவியே, தாரோத், இசாக் என்று குலங்களாகப் பிரிந்து நின்றார்கள். பாரே தன் குலத்தாருக்கும் உறவினருக்கும் பதவிகளைக் கொடுத்துக்கொண்டே போனார். 1988-ல் இசாக் குலத்தாரின் நகரமான ஹர்கெய்சாவைத் தன் நாட்டு விமானப்படையைக் கொண்டே குண்டுவீசித் தகர்த்தார்.

2003-ல் ஜேம்ஸ் ஃபியரன், டேவிட் லைட்டின் என்ற இரு அமெரிக்க அரசியல் அறிஞர்கள் 1945 முதல் 1999 வரை நடந்த 127 உள்நாட்டுப் போர்களை எடுத்து அலசினார்கள். தனிநபர் வருமானத்தைக் கணக்கில் சேர்த்துவிட்டால், இனப் பன்மை அதிகம் என்பதால் மட்டும் ஆபத்து கூடவில்லை. கூட்டியவை வேறு: வறுமை, பெரிய மக்கள்தொகை, மலைப்பாங்கு, புதிதாகப் பிறந்த அரசு, நிலைகொள்ளாத ஆட்சி. பின்னால் வந்தவர்கள் இதில் ஒரு திருத்தம் சொன்னார்கள்: எத்தனை குழு என்று எண்ணுவதே தப்பு, எந்தக் குழு அதிகாரத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள் என்றார்கள். எங்கள் ஓட்டு இந்தத் திருத்தத்துக்கே. கீழே வரும் பதில்கள் பலவும் இதைச் சுற்றித்தான் போகும்.

கேள்வி: இனப் பன்மையை எண்ணில் அளக்கிறார்களாமே, எப்படி? மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். (மதுரை ஆசிரியை)

பத்தாம் வகுப்பு நிகழ்தகவு போதும். நாட்டில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரைப் பொறுக்கினால், இருவரும் வெவ்வேறு இனக்குழுவாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? இதுதான் பன்மைக் குறியீடு. ஒவ்வொரு குழுவின் பங்கையும் தசமமாக எழுதி, வர்க்கப்படுத்தி, கூட்டி, 1-லிருந்து கழிக்க வேண்டும்.

தலா 10 சதவீதம் உள்ள பத்துக் குழு என்றால், 0.1-ன் வர்க்கம் 0.01, பத்து மடங்கு 0.10; விடை 0.90. சரிபாதியாக இரண்டு குழு என்றால் 0.50. இந்தக் குறியீட்டை நம்பினால் முதல் நாடுதான் அபாயம். நடப்போ பெரும்பாலும் தலைகீழ். அதனால் இன்னொரு குறியீடு வந்தது, துருவ நிலையை, அதாவது மக்கள் இரண்டு பெரும் அணிகளாகப் பிரிந்து நிற்பதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறார்கள் என்பதை அளக்க. ஒவ்வொரு பங்கின் வர்க்கத்தையும் (1 − பங்கு) என்பதால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 4-ஆல் பெருக்குங்கள். பத்துக் குழு நாட்டுக்கு 0.36 வரும். இரண்டு சமபாதி நாட்டுக்கு 1.00, அதாவது உச்சம்.

இலங்கையின் 1981 கணக்கெடுப்பைப் போட்டுப் பாருங்கள்: சிங்களர் 73.95, இலங்கைத் தமிழர் 12.71, சோனகர் (முஸ்லிம்கள்) 7.05, இந்தியத் தமிழர் 5.52 சதவீதம். பன்மை 0.43, துருவம் 0.66. ருவாண்டாவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 85, 14, 1 என்ற பங்கைப் போட்டால் பன்மை வெறும் 0.26, துருவம் 0.50. 1994-ல் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் அளவில் கொல்லப்பட்ட நாட்டின் பன்மை எண் இது என்பதை மாணவர்களிடம் சொல்லுங்கள். எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று அவர்களே கேட்பார்கள்.

தவறு வழக்கமாக மூன்று இடங்களில் நுழையும். ஒன்று, பட்டியல். உலக நாடுகளுக்கான பழைய குறியீடு 1964-ல் சோவியத் ஒன்றியத்தில் வெளியான இனவரைபடத் தொகுப்பிலிருந்து வந்தது. பெரும்பாலும் மொழியை வைத்துப் பிரித்த பட்டியல் அது. ருவாண்டாவில் ஹுட்டுவும் துட்சியும் பேசுவது ஒரே கின்யாருவாண்டா. இருவரையும் கல்லில் எழுதியதுபோல் பிரித்தது மொழி அல்ல. 1930-களில் பெல்ஜிய ஆட்சி ஆளுக்கொன்றாகக் கொடுத்த அடையாள அட்டை. இரண்டு, எந்த மட்டத்தில் பிரிப்பது என்ற குழப்பம். சோமாலியாவை இனமாகப் பார்த்தால் பூஜ்யத்துக்கு அருகில், குலமாகப் பார்த்தால் எங்கோ போய்விடும். மூன்றாவது இன்னும் நுட்பமானது. மலாவியில் செவா, தும்புகா என்ற இரு மக்களும் அரசியலில் எதிரெதிர். எல்லை தாண்டி சாம்பியாவுக்குள் போனால் அதே இரு மக்களும் ஒரே அணி. பழக்கவழக்கம் மாறவில்லை. மலாவியில் அவர்கள் ஏறத்தாழ 28, 12 சதவீதம். தனித்தனியாகத் திரட்டினாலே தேர்தலில் எடைபோடும். சாம்பியாவில் 7, 4. சேர்ந்தால்தான் கிழக்கத்தியர் என்ற பெயரில் பேரம் பேசலாம். பிளவை எது பிளவாக்குகிறது என்பதைக் குறியீடு சொல்லாது.

கேள்வி: மலைக்கும் கிளர்ச்சிக்கும் என்ன உறவு? மலைவாழ் மக்கள் முரடர்கள் என்பதாலா? (தேனி வாசகர்)

முரட்டுத்தனம் என்ற விளக்கத்தை மலையடிவாரத்தில் இருந்துகொண்டே நீங்கள் கேட்பதால், நம்பவில்லை என்றே எடுத்துக்கொள்கிறோம்.

இது செலவுக் கணக்கு. ஆயிரம் பேர் கொண்ட கிளர்ச்சிப் படையைப் பத்தாயிரம் சிப்பாய்கள் தேடுகிறார்கள் என்று வையுங்கள். சமவெளியில் அந்தப் பத்தாயிரம் பேர் லாரியில் ஏறிச் சில மணி நேரத்தில் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடலாம். மலையில் இருப்பது ஒரே சாலை. அதில் ஒரு பாலத்தையோ ஒரு வளைவையோ மறித்தால் பத்தாயிரமும் வரிசையில் நிற்கும். உயரம் கூடக்கூடக் காற்று மெலிவதால் ஹெலிகாப்டர் தூக்கும் எடை குறையும். மலை உச்சியில் இருக்கும் சாவடிக்கு அரிசியும் தண்ணீரும் தோட்டாவும் தினமும் ஏற வேண்டும். அந்த ஏற்றத்தைக் காப்பதற்கே பாதிப் படை செலவாகிவிடும்.

ஆப்கானிஸ்தானில் காபூலையும் வடக்கையும் இணைக்கும் சலாங் சுரங்கப்பாதை 1964-ல் திறந்தது. ஏறத்தாழ 2.7 கி.மீ. நீளம், 3,300 மீட்டருக்கு மேல் உயரம். சோவியத் பொறியாளர்கள் கட்டியது. 1979-க்குப் பிறகு சோவியத் படையின் எரிபொருளும் உணவும் பெருமளவு அந்த ஒரு துளை வழியாகவே தெற்கே வந்தன. முஜாஹிதீன்கள் பதுங்கியதும் அந்தச் சாலையின் இரு பக்கத்திலும்தான்.

செலவைவிடப் பெரியது தகவல். கிளர்ச்சியை அடக்குவது துப்பாக்கியைவிடத் துப்பைப் பொறுத்தது. யார் ஊருக்குப் புதிது, யார் வீட்டில் ராத்திரி கூடுதலாக உலை வைத்தார்கள் என்று காவல் நிலையத்துக்குத் தெரிந்தால் கிளர்ச்சி குழந்தையிலேயே முடிந்துவிடும். நேபாளத்தில் 1996 பிப்ரவரியில் மாவோயிஸ்டுகள் தொடங்கிய இடங்களில் முக்கியமானவை மேற்கு மலையின் ரோல்பா, ருக்கும். தலைநகரிலிருந்து பல நாள் நடை. காவல் சாவடி என்று இருந்தவை சில சிப்பாய்கள் தங்கும் சிறு கட்டடங்கள். தாக்குதல் தொடங்கியதும் அரசு அவற்றை மூடிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குள் பின்வாங்கியது. அந்த நாளிலிருந்து கிராமத்தில் வரி வாங்கியதும் வழக்கு தீர்த்ததும் எதிர்த்தரப்பு. பத்தாண்டில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இதே வேலையைத் தூரமும் செய்யும். மாலியில் துவாரெக் என்ற பாலைவன மக்களின் கிளர்ச்சிகளுக்குத் தொட்டில் கிடால்; தலைநகர் பமாக்கோவிலிருந்து 1,500 கி.மீ. அளவில் பாலைவன வழி. காங்கோ ஜனநாயகக் குடியரசைப் பாருங்கள்: பரப்பு 23 லட்சம் சதுர கி.மீ.க்கு மேல். தலைநகர் கின்ஷாசா மேற்குக் கோடியில், நடுவில் பெருங்காடு. கிழக்கே கோமா நகரம் கின்ஷாசாவிலிருந்து நேர்க்கோட்டில் 1,500 கி.மீ.க்கும் அதிகம். அதே கோமாவிலிருந்து ருவாண்டாவின் தலைநகர் கிகாலி சாலைவழி 150 கி.மீ. சொச்சம்தான். கோமாவின் கடைசித் தெருவைத் தாண்டினால் ருவாண்டா. 2025 ஜனவரி இறுதியில் ருவாண்டாவின் ஆதரவு பெற்ற எம்23 கிளர்ச்சிப் படை அந்த நகரத்தைப் பிடித்தபோது, நிலப்படம் பார்த்துப் பழகிய எவரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் இலங்கைக் கணக்கு உதைக்கிறதே? அங்கே மலை இருப்பது நடுவில். போர் நடந்தது வடக்கு கிழக்குச் சமவெளியில். (திருச்சி வாசகர்)

நல்ல பிடி. பிதுருதலாகல 2,524 மீட்டர்; அதைச் சுற்றியுள்ள மத்திய மலைநாட்டில் தோட்டத் தொழிலாளர்களாக வாழ்ந்தவர்களும் தமிழர்களே. அவர்களுக்குக் குறை இல்லையா? 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரைப் பின்னால் பேசிக்கொள்வதாக விட்டது. குறையை அளந்தால் முதலில் வெடித்திருக்க வேண்டியது மலையகம்.

வெடிக்காததற்கு இட அமைப்பு ஒரு காரணம். மலையகத் தமிழர் சுற்றிலும் சிங்களக் கிராமங்கள் சூழ, தோட்டம் தோட்டமாகச் சிதறி வாழ்ந்தார்கள். லயன் வீடு (தொழிலாளர் வரிசை வீடு) கம்பெனியுடையது, ரேஷன் கம்பெனியுடையது, தேயிலை ஏற்றிப்போகப் போட்ட சாலையும் ரயிலும் ஒவ்வொரு மலையையும் கொழும்போடு கட்டிவைத்திருந்தன. கடல் இல்லை, எல்லை இல்லை. மலை உயரமாக இருந்தாலும் அரசு எட்டக்கூடிய மலை அது. அவர்கள் கையில் இருந்த ஆயுதம் தொழிற்சங்கமும் ஓட்டும். ஓட்டு திரும்பக் கிடைத்ததும் அதைத் திறமையாகவே பயன்படுத்தினார்கள்.

வடக்கு வேறு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் தமிழர் அடர்த்தியாக, தொடர்ச்சியாக இருந்தார்கள். குடாநாட்டைப் பெருநிலத்தோடு சேர்க்கும் முக்கியத் தரைவழி ஆனையிறவின் ஒடுங்கிய நிலம். அதற்குத் தெற்கே வன்னி: உயரமில்லை, ஆனால் காடு, குளத்தை ஒட்டிச் சிறு ஊர்கள், குறைந்த மக்கள். எதிரே பாக் நீரிணை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 30 கி.மீ. அளவுதான். வல்வெட்டித்துறை போன்ற ஊர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கடலோடிப் பழக்கம். மலை தரவேண்டிய மறைவிடத்தைக் காடும், எல்லை தரவேண்டிய பின்வாசலைக் கடலும் தந்தன.

இதெல்லாம் போர் எப்படி 2009 வரை நீடித்தது என்பதற்கான விளக்கம். ஏன் தொடங்கியது என்பதற்கு 1956 தனிச்சிங்களச் சட்டம், 1970-களின் பல்கலைக்கழகத் தரப்படுத்தல் (தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டியிருந்த சேர்க்கை முறை), 1983 ஜூலையில் தமிழர்மீது நடந்த வன்முறை ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். வன்னிக்காடு 1956-க்கு முன்பும் அங்கேதான் இருந்தது.

கேள்வி: எங்கள் குடும்பத்தின் கடை ரங்கூனில் இருந்தது. பர்மாவில் சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்தே சண்டை ஓயவில்லையே, அந்த நாட்டின் அமைப்பே அப்படியா? (காரைக்குடி வாசகர்)

ஒரு குதிரை லாடத்தைக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே ஐராவதி ஆறும் அதன் வயலும், அங்கே பர்மியர். மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. லாடத்தின் இரும்பு மலை: மேற்கே ரக்கைனும் சின்னும், வடக்கே கச்சின், கிழக்கே ஷான், தென்கிழக்கே கரென்னியும் கரேனும். லாடத்தின் வெளி விளிம்பு பெரும்பாலும் சர்வதேச எல்லை. வங்கதேசம், இந்தியா, சீனா, லாவோஸ், தாய்லாந்து என ஐந்து நாடுகள். நடுவில் ஓர் இனம், சுற்றிலும் மலையில் பலர், ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஓர் அண்டை நாடு. நீண்ட போருக்கு இதைவிட வசதியான நில அமைப்பை வரைவது கடினம்.

ஆனால் லாடம் தானாகச் சுடவில்லை. ஆங்கிலேயர் 1886-ல் பர்மா முழுவதையும் இணைத்துக்கொண்ட பிறகு வயல்நாட்டை நேரடியாக ஆண்டார்கள். மலையை எல்லைப்பகுதி என்று ஒதுக்கி, அங்கிருந்த குறுநில மன்னர்களையும் தலைவர்களையும் வைத்தே நடத்தினார்கள். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தது கரேன், கச்சின், சின் மக்களிலிருந்து; பர்மியரை ஏறத்தாழ ஒதுக்கிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா சுதந்திரப் படை ஜப்பானியரோடு உள்ளே வந்தது, கரேன்களில் பலர் ஆங்கிலேயர் பக்கம் நின்றார்கள். 1942-ல் ஐராவதிக் கழிமுகத்தில் ஊர் ஊராகக் கொலை நடந்தது. அந்த நினைவு ஆறும் முன்பே ஆட்சி மாற்றம் வந்தது.

1947 பிப்ரவரி 12, பாங்லோங் என்ற ஷான் ஊர். பர்மிய விடுதலை இயக்கத் தலைவர் ஆங் சானும் ஷான், கச்சின், சின் தலைவர்களும் கையெழுத்திட்டார்கள்: மலைக்கு உள்நாட்டு நிர்வாகத்தில் தன்னாட்சி, சேர்ந்து விடுதலை. கரேன்கள் பார்வையாளர்களாக வந்தார்கள், ஒப்பமிடவில்லை. ஜூலை 19 அன்று ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்டார். புதிய அரசியல் சட்டம் ஷானுக்கும் கரென்னிக்கும் பத்தாண்டு கழித்துப் பிரிந்துபோகும் உரிமை எழுதிவைத்தது. 1949 ஜனவரியில் கரேன் கிளர்ச்சி தொடங்கியது. பத்தாண்டுக் கெடு முடிந்து ஷான் தலைவர்கள் கூட்டாட்சி பற்றிப் பேசிக்கொண்டிருந்த வேளையில், 1962 மார்ச் 2-ல், ராணுவத் தளபதி நே வின் படையோடு வந்து ஆட்சியில் உட்கார்ந்தார். எழுதிய வாக்குறுதிக்கும் உட்கார்ந்த படைக்கும் இடையில் கச்சின் மலையும் துப்பாக்கி தூக்கிவிட்டிருந்தது.

ராணுவம் 1960-களின் பிற்பகுதியில் கையாண்ட முறைக்கு ‘நான்கு வெட்டு’ என்று பெயர்: உணவு, பணம், தகவல், ஆள் ஆகிய நான்கும் கிளர்ச்சிக்காரர்களுக்குப் போகாமல் வெட்டுவது. கிராமங்களைக் காலிசெய்து, மக்களைச் சாலையோரத்தில் குடிவைத்து, பழைய ஊரில் தலை தெரிந்தால் சுடுவது. கழிமுகத்திலும் பெகு மலையிலும் இது பலித்தது. காரணம் அவை லாடத்தின் உள்ளே இருந்தன. நான்கு பக்கமும் அடைக்க முடிந்தது. எல்லை மலையில் பலிக்கவில்லை. அங்கே ஒரு பக்கம் எப்போதும் திறந்தே கிடந்தது. தாய்லாந்து எல்லைச் சாவடிகளில் கரேன் படை கடத்தல் சரக்குக்கு வரி வாங்கியே பல்லாண்டு காலம் தள்ளியது. மனேர்பிளாவ் என்ற அவர்களின் தலைமையிடம் 1995 ஜனவரியில் விழுந்தது என்றால், அதற்கு முந்தைய மாதம் பௌத்தக் கரேன்கள் கிறிஸ்தவத் தலைமையோடு முறித்துக்கொண்டு ராணுவத்துக்கு வழிகாட்டியதுதான் காரணம். மலை கைவிடவில்லை, ஆட்கள் பிரிந்தார்கள்.

2021 பிப்ரவரி 1 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு ஒரு புதுமை. பர்மிய இளைஞர்களே மலைக்குப் போய் அங்குள்ள கிளர்ச்சிப் படைகளிடம் பயிற்சி எடுத்தார்கள். போர் சகாயிங் போன்ற சமவெளி வட்டாரங்களுக்குள் இறங்கியது. அதுவரை ராணுவம் சமவெளியை முதுகாக வைத்துக்கொண்டு மலையோடு சண்டையிட்டது. 2023 அக்டோபர் 27-ல் வட ஷானில் மூன்று படைகள் சேர்ந்து அடித்தபோது முகாம்கள் வரிசையாக விழுந்ததற்கு, அனுப்பக் கூடுதல் படை கையில் இல்லாததும் ஒரு காரணம்.

உங்கள் குடும்பக் கடைக்கு வருகிறோம். 1930-களின் மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய மாவட்டங்களில் நெல் வயலில் கால்வாசி செட்டியார்கள் பெயருக்கு மாறியது. 1962-க்குப் பிறகு கடையும் வங்கியும் அரசுடைமையானபோது சுமார் மூன்று லட்சம் இந்தியர் வெளியேறினார்கள். மலைக் குழுக்கள் பட்டதற்குக் குறையாத அடி. அவர்கள் ஏன் ஆயுதம் எடுக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் விடை கண்ணுக்குத் தெரிகிறது: ரங்கூனிலும் கழிமுக ஊர்களிலும் சிதறி இருந்தார்கள், தங்களுக்கென்று ஒரு வட்டாரம் கிடையாது, துறைமுகத்தில் கப்பல் நின்றது. குறை மட்டும் இருந்து இடம் இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள். திரும்பி பர்மாவுக்கே போகலாம் என்று மணிப்பூர் வழியாக நடந்து, எல்லையில் தடுக்கப்பட்டு, மோரே ஊரிலேயே தங்கிவிட்ட தமிழர்கள் இன்றும் அங்கே கோயில் கட்டி வாழ்கிறார்கள்.

கேள்வி: வைரமும் எண்ணெயும் கிடைத்தால் போர் வருமா, வளம் வருமா? (கோவை கல்லூரி மாணவர்)

எப்படித் தோண்டுகிறார்கள் என்று பாருங்கள். சியரா லியோனின் கோனோ வட்டாரத்தில் வைரம் ஆற்றுச் சரளையில் கிடக்கிறது. ஒரு மண்வெட்டி, ஒரு சல்லடை, இடுப்பளவு தண்ணீர் போதும். ஊரைப் பிடித்த படை அன்றைக்கே சம்பாதிக்கத் தொடங்கும். 1991 முதல் 2002 வரை அங்கே போர் நடந்தது. போட்ஸ்வானாவில் 1967-ல் ஒராப்பாவில் கண்டெடுத்த வைரம் பாறைக் குழாய்க்குள் ஆழமாக இருந்தது. கோடிக்கணக்கில் முதலீடும் எந்திரமும் வேலியும் வேண்டும். திருடிக்கொண்டு ஓட முடியாத செல்வம், வரியாக அரசுக்கு வந்தது. அங்கோலாவில் இரண்டும் இருந்தன: கடலுக்குள் எண்ணெய் அரசிடம், உள்நாட்டு ஆற்று வைரம் யூனிட்டா கிளர்ச்சியாளரிடம். இரு தரப்புக்கும் பணம் வற்றவே இல்லை; 1975-ல் தொடங்கிய போர் 2002-ல் யூனிட்டா தலைவர் சவிம்பி கொல்லப்பட்ட பிறகுதான் நின்றது.

கேள்வி: ஆப்பிரிக்க எல்லைகளை வெள்ளைக்காரன் ஸ்கேல் வைத்துப் போட்டதுதானே எல்லாவற்றுக்கும் காரணம்? (சேலம் வாசகர்)

எல்லாவற்றுக்கும் என்று சொல்ல முடியாது. சோமாலியாவே சாட்சி. ஆனால் ஒரு மக்களை இரண்டாக வெட்டிய கோடு, கிளர்ச்சிக்காரனுக்கு அடுத்த நாட்டில் மாமன் வீட்டைக் கொடுத்துவிடுகிறது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே ஓர் உதாரணம்: 1893-ல் போட்ட டியூரண்ட் கோடு, இன்றைய ஆப்கானிஸ்தான்–பாகிஸ்தான் எல்லை. அதன் இரு பக்கமும் பஷ்தூன்கள். துரத்திவரும் படை அந்தக் கோட்டில் நிற்க வேண்டும், துரத்தப்படுகிறவன் நிற்க வேண்டியதில்லை. அது மலை மேல் வளைந்து நெளிந்து போகிற கோடு, ஸ்கேல் கோடு அல்ல.

கேள்வி: மலையும் உண்டு, நான்கு மொழியும் உண்டு. ஸ்விட்சர்லாந்து எப்படித் தப்பியது? (புதுச்சேரி வாசகி)

பணக்கார நாடு என்பதைச் சொல்லிவிட்டு நகரலாம். ஆனால் பணம் வருவதற்கு முன்பே அங்கே ஒரு உள்நாட்டுப் போர் நடந்தது. 1847 நவம்பரில், ஒரு மாதத்துக்கும் குறைவாக, நூறு பேர் அளவில் இறந்தார்கள். கத்தோலிக்க மாநிலங்கள் ஒரு பக்கம், பெரும்பாலும் புராட்டஸ்டண்ட்கள் ஆண்டவை எதிர்ப்பக்கம். மொழிக்கு அதில் வேலையே இல்லை. ஜெர்மன் பேசும் கத்தோலிக்கர், ஜெர்மன் பேசும் புராட்டஸ்டண்ட், பிரெஞ்சு பேசும் இரு வகையினர் என்று கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. மதத்தில் எதிரி, மொழியில் பங்காளி. வென்ற தரப்பு மறு ஆண்டே கூட்டாட்சி அரசியல் சட்டம் கொண்டுவந்தது. பள்ளி, மதம் எல்லாம் மாநிலத்தின் கையில்.

கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த ஒரே இடம் ஜூரா. ஜெர்மன் பேசும் புராட்டஸ்டண்ட் பெர்ன் மாநிலத்துக்குள் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர். நவீன ஸ்விட்சர்லாந்தில் தீவைப்பும் வெடிகுண்டும் பார்த்த மூலை அதுதான். 1974-ல் வாக்கெடுப்பு, 1979 ஜனவரி 1 முதல் தனி மாநிலம். பிரெஞ்சே பேசினாலும் புராட்டஸ்டண்ட்களான தெற்கு ஜூராக்காரர்களில் பெரும்பாலோர் பெர்னோடு இருந்துவிட்டார்கள். மறுபடி மறுபடி, கிராமம் கிராமமாக வாக்கெடுத்துத்தான் கோட்டைப் போட்டார்கள். நிதானமான, சலிப்பூட்டும் வேலை.

கேள்வி: போட்டித் தேர்வுக் கட்டுரைக்காகக் கேட்கிறேன். ஒரு நாட்டின் ஆபத்தை எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? (நாமக்கல் வாசகி)

முதலில் நிலப்படத்தை எடுக்காதீர்கள். தனிநபர் வருமானத்தைப் பாருங்கள், கடந்த பத்தாண்டில் அங்கே போர் நடந்ததா என்று பாருங்கள். இந்த இரண்டும் மற்ற எதையும்விட அதிகம் சொல்லும். ஆறாத போர் திரும்ப வரும்.

அடுத்து அமைச்சரவை, ராணுவத் தளபதிகள், காவல் தலைமை ஆகியவற்றின் பட்டியல். எந்தக் குழு அதில் இல்லை? அண்மையில் நீக்கப்பட்ட குழு எது? ஏற்கெனவே வெளியே இருந்தவர்களைவிட, உள்ளே இருந்து தள்ளப்பட்டவர்கள் ஆபத்து. அவர்களிடம் அதிகாரிகளும் ஆயுதமும் பழகிய கையும் இருக்கும்.

அதன் பிறகுதான் நிலப்படம். ஒதுக்கப்பட்ட அந்தக் குழு ஓரிடத்தில் திரண்டு இருக்கிறதா, சிதறியா? தலைநகரிலிருந்து அந்த இடத்துக்கு மழைக்காலத்தில் லாரி போக எத்தனை நாள்? எல்லை எவ்வளவு தூரம், எல்லைக்கு அப்பால் அதே மக்கள் உண்டா, அந்த அண்டை அரசுக்கு இந்த அரசோடு பகையா? உள்ளே கையால் அள்ளக்கூடிய கனிமமோ கஞ்சாவோ அபினோ உண்டா?

எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ வந்தாலும் ‘போர் நிச்சயம்’ என்று எழுதிவிடாதீர்கள், மதிப்பெண் போகும். மேலே சொன்ன 1945–1999 ஆய்வின் கணக்கில், நூறு நாடுகளை ஓராண்டு கவனித்தால் புதிதாகப் போர் தொடங்குவது ஏறத்தாழ இரண்டில்தான். சராசரியைப்போல ஐந்து மடங்கு ஆபத்துள்ள நாட்டிலும் பத்தில் ஒன்பது ஆண்டு ஒன்றும் நடக்காது. அதற்காக அந்த ஒன்பது ஆண்டையும் அமைதி என்று பட்டியலில் ஏற்றுவதிலும் எங்களுக்குச் சம்மதமில்லை. வட ஷான் சாலையில் இரண்டு படைகளுக்கு இரண்டு சாவடியில் கப்பம் கட்டிவிட்டுப் போகும் லாரி ஓட்டுநரைக் கேட்டால் வேறு பெயர் சொல்வார்.